விரிவுரையைக் கேட்பதா, எழுதுவதா?

கேள்வி (முதுகலை முதலாண்டு மாணவர், தில்லி வடக்கு வளாகம்)

அனைவருக்கும் வணக்கம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் இந்த ஆண்டு வரலாறு முதுகலையில் சேர்ந்திருக்கிறேன். இளங்கலை படித்த ஊரில் ஆசிரியர் வரிவரியாகச் சொல்ல, நாங்கள் எழுதிக்கொள்வோம்; தேர்வுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இங்கே பேராசிரியர் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆங்கிலத்தில் பேசுகிறார். நடுநடுவே இந்திக்கும் மாறிவிடுகிறார். எழுதத் தொடங்கினால் அடுத்துச் சொல்வது காதில் விழுவதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் நோட்டில் ஒன்றும் இருப்பதில்லை. விடுதிக்குத் திரும்பிப் புரட்டினால் பெயர்களும் ஆண்டுகளும் இருக்கின்றனவே தவிர, அவர் எதை நிறுவ வந்தார் என்பது தென்படுவதில்லை. வகுப்புத் தோழர்கள் சிலர் மடிக்கணினியில் தட்டச்சு செய்கிறார்கள், சிலர் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்கிறார்கள். எந்த வழி பயன்தரும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (வரலாற்று ஆய்வு மாணவி)

தம்பி, விரிவுரையாளர் ஒருவர் நிமிடத்துக்கு நூறு சொற்களுக்குக் குறையாமல் பேசுவார். கையால் எழுதுபவர் அதில் கால் பங்கை எழுதினாலே அதிகம். எனவே பெரும்பகுதியை விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடலாம் என்பதுதான் கேள்வி.

தில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் சந்தைக் கட்டுப்பாடு உங்கள் பாடத்தில் வரும். கோதுமை மணங்குக்கு (அக்கால எடை அளவு) 7½ ஜிதல் (அக்கால நாணயம்), பார்லி 4, அரிசி 5 என்ற விலைப்பட்டியலை வகுப்பில் எல்லோரும் விழுந்து விழுந்து எழுதுவார்கள். அது எந்தப் பாடநூலிலும் இருக்கிறது. இரவில் பார்த்து எழுதிக்கொள்ளலாம். குறைந்த ஊதியத்தில் பெரும்படையை வைத்துக்கொள்ளவே சுல்தான் விலையைக் கட்டுப்படுத்தினார் என்று வரலாற்றாசிரியர் பரணி சொல்வதையும், மக்கள் நலனுக்காகச் செய்தார் என்று அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு புகழ்வதையும் எதிரெதிரே நிறுத்தி, யார் எந்த நிலையிலிருந்து எழுதினார், எதை எவ்வளவு நம்பலாம் என்று பேராசிரியர் எடைபோடுகிறாரே, அந்தப் பகுதிதான் அந்த அறையில் மட்டும் கிடைப்பது. பக்கத்தின் மேலே ‘ஏன் விலைக் கட்டுப்பாடு?’ என்று எழுதுங்கள். கீழே ‘பரணி: படைச் செலவு’, ‘குஸ்ரு: மக்கள் நலம்’, பிறகு பேராசிரியர் எந்தப் பக்கம் சாய்கிறார், என்ன காரணம் சொல்கிறார் என்பது. ஐந்தாறு வரிகள் போதும்.

இப்படிக் கேட்பதற்கு முன்தயாரிப்பு தேவை. படிக்கச் சொன்ன கட்டுரையின் தொடக்கத்தையும் முடிவையுமாவது முந்தைய நாளே படித்துவிட்டால், பெயர்கள் புதிதாக இராது, காது வாதத்தைப் பின்தொடரும். ‘ஆனால்’, ‘இதை ஏற்பதற்கில்லை’ என்று அவர் திரும்பும் இடங்களில் பேனாவை எடுங்கள். கலைச்சொற்களை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, காரண காரியத்தைத் தமிழிலேயே எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. நான் இன்றும் அப்படித்தான் எழுதுகிறேன்.

மறுமொழி (ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், இராமகிருஷ்ணபுரம்)

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மடிக்கணினியைப் பற்றிச் சில செய்திகள். அமெரிக்காவில் 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு, தட்டச்சு செய்பவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பதிவு செய்யும் போக்கு மிகுதி என்றும், கருத்து சார்ந்த வினாக்களில் கையால் எழுதியவர்களே சிறந்தார்கள் என்றும் கூறியது. பின்னர் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்குத் தேர்வு மதிப்பெண்ணில் அந்த வேறுபாடு உறுதியாகக் கிடைக்கவில்லை. ஆகவே கருவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒலிப்பதிவுக்குப் பேராசிரியரின் அனுமதி பெறுவது கடமை. பெற்றாலும், ஒரு மணி நேரத்தை மீண்டும் கேட்க இன்னொரு மணி நேரம் வேண்டும் என்பதால் பெரும்பாலானவை கேட்கப்படாமலே கிடக்கும்.

நான் வலியுறுத்த விரும்புவது வகுப்புக்குப் பிந்தைய வேலையை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் வகுத்த முறையில், தாளின் இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு குறுகிய பகுதி காலியாக விடப்படும். அன்று மாலையே, நினைவு மங்குவதற்குள், வலப்பக்கக் குறிப்புகளுக்குரிய வினாக்களை அங்கே எழுத வேண்டும். பிறகு வலப்பக்கத்தை மூடிவிட்டு, வினாவை மட்டும் பார்த்து வாய்விட்டு விடை சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிடத் தன்னைத்தானே சோதிப்பது நினைவை நெடுநாள் காக்கும் என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேவும் 2006-இல் காட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழானது. பருவத் தேர்வு மாதக்கணக்கில் தள்ளி வருவது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அக்கா, நன்றி ஐயா. நாளைய வகுப்பிலேயே தொடங்குகிறேன். இந்திப் பகுதிக்கு என்ன செய்வது?

மறுமொழி (தில்லியில் பிறந்து வளர்ந்தவர்)

பேராசிரியர்கள் இந்திக்கு மாறுவது பெரும்பாலும் எடுத்துக்காட்டு சொல்வதற்கோ, முன்பு சொன்னதை அழுத்துவதற்கோதான். புதிய வாதம் அதில் வருவது குறைவு. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு இரண்டு வரி விட்டுவிடுங்கள். வகுப்பு முடிந்து விஸ்வவித்யாலயா மெட்ரோ நிலையம் வரை நடக்கும்போது இந்தி தெரிந்த தோழர் ஒருவரிடம் அந்தக் கேள்விக்குறிகளை மட்டும் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம். ஆங்கிலக் கட்டுரைகளில் திணறுபவராக அவர் இருந்தால், நீங்கள் முந்தைய நாள் படித்ததை அவருக்குச் சொல்லுங்கள். தொடர்ந்து பத்து நிமிடம் இந்தியிலேயே போனால், ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்லும்படி வகுப்பிலேயே பணிவுடன் கேளுங்கள். வடகிழக்கு மாணவர்களுக்கும் மலையாள மாணவர்களுக்கும் அது தேவைப்படும்.