டீடூப்ளிகேஷன் இருந்தும் கிளை அலுவலகக் காப்புப்படி இரவுக்கு 9 ஜிபி வளர்கிறது: எங்கே தவறு?

கொடிமலை77, பினாங்கு:

வணக்கம். ஜார்ஜ்டவுனில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். பட்டர்வொர்த், கூலிம், சுங்கைப்பட்டாணி ஆகிய மூன்று கிளைகளிலும் சேர்த்து 14 விண்டோஸ் கணினிகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலையில் யாராவது ஒருவர் யூஎஸ்பி டிஸ்க்கில் நகலெடுத்து, அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவதுதான் இவ்வளவு நாளும் நடந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் அதை நிறுத்திவிட்டு, எல்லாக் கணினிகளிலும் ரெஸ்டிக் என்ற காப்புப்படி (பேக்கப்) மென்பொருளை நிறுவி, தலைமை அலுவலகத்தில் உள்ள லினக்ஸ் சர்வருக்கு விபிஎன் (பாதுகாப்பான தனி இணைய இணைப்பு) வழியாக இரவு 10 மணிக்குத் தரவு வந்து சேரும்படி ஏற்பாடு செய்தேன்.

முதல் காப்புப்படிக்கு 210 ஜிபி பிடித்தது. அதன் பிறகு மாறிய பகுதிகள் மட்டுமே வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் ஒவ்வோர் இரவும் ஏறத்தாழ 9 ஜிபி கூடுகிறது. எங்கள் ஊழியர்கள் ஒரு நாளில் தட்டச்சு செய்யும் பில்களும் சுங்கப் படிவங்களும் 100 எம்பியைக்கூட எட்டாது. டீடூப்ளிகேஷன் (ஏற்கனவே சேமித்த தரவை மீண்டும் சேமிக்காமல் விடும் வசதி) வேலை செய்யவில்லையா, அல்லது நான் எதையோ பார்க்கத் தவறிவிட்டேனா?

பழையசர்வர், கோலாலம்பூர்:

ஐயா, ரெஸ்டிக்கில் டீடூப்ளிகேஷனைத் தனியாக முடுக்கிவிட வேண்டியதில்லை. அதை அணைத்து வைக்கவும் முடியாது. ஆகவே அது வேலை செய்யத்தான் செய்யும். சந்தேகப்பட வேண்டியது நீங்கள் அனுப்பும் கோப்புகளைத்தான். ஒரு கிளைக் கணினியின் அடுத்தடுத்த இரண்டு இரவு ஸ்னாப்ஷாட்டுகளை (ஒவ்வொரு முறையும் பதிவாகும் காப்புப்படி நிலைகளை) எடுத்து, ரெஸ்டிக்கின் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கோப்புகள் மாறின, எவ்வளவு புதிதாகச் சேர்ந்தது என்பதை அது காட்டிவிடும். கணக்கு மென்பொருளின் கோப்புறையிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் அனுபவம்.

கொடிமலை77:

நன்றி ஐயா, சரியாகச் சொன்னீர்கள். மூன்று கிளைகளிலும் கணக்கு மென்பொருள் இரவு 9 மணிக்குத் தானாகவே தரவுத்தளத்தைக் கடவுச்சொல்லுடன் கூடிய ஒரு ஜிப் கோப்பாகக் கட்டி வைக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 2.8 ஜிபி. மூன்றும் சேர்ந்தால் 8.4 ஜிபி. ஆனால் அந்தத் தரவுத்தளத்தில் முந்தைய நாளுக்கும் மறுநாளுக்கும் சில நூறு வரிகள்தான் வேறுபடுகின்றன. அப்படியிருக்க, பழைய ஜிப்பில் இருந்த பகுதிகளை அது ஏன் அடையாளம் காணவில்லை?

பழையசர்வர்:

ரெஸ்டிக் ஒரு கோப்பைச் சராசரியாக 1 எம்பி அளவுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்தை அடையாளம் காட்டும் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு, அதே ஹாஷ் சர்வரில் ஏற்கனவே இருந்தால் அத்துண்டை அனுப்பாமல் விட்டுவிடுகிறது. எங்கே வெட்டுவது என்பதை நிலையான நீளம் தீர்மானிப்பதில்லை. கோப்பின் உள்ளடக்கமே தீர்மானிக்கிறது. அதனால்தான் ஒரு பெரிய கோப்பின் தொடக்கத்தில் நான்கு எழுத்துகளைச் செருகினாலும், முதல் துண்டு மட்டும் மாறி, அதற்கடுத்த வெட்டிலிருந்து மீதி எல்லாம் பழையபடியே பொருந்திக்கொள்கிறது.

ஜிப் இந்த ஏற்பாட்டையே குலைத்துவிடுகிறது. சுருக்கும்போது ஓரிடத்தில் வந்த சிறு மாற்றம் அதற்குப் பின்னால் வரும் பைட்டுகளையும் மாற்றிவிடும். அதோடு கடவுச்சொல்லும் சேர்ந்துவிட்டால், அதே தரவைக்கூட மறுநாள் முற்றிலும் வேறாகவே மறையாக்கி வைக்கும். நேற்றைய மூட்டைக்கும் இன்றைய மூட்டைக்கும் உள்ளே ஒரே அரிசிதான் என்றாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் வேறு வேறு மூட்டைகள்.

ஆகவே கணக்கு மென்பொருளின் அமைப்பில் சுருக்கத்தையும் கடவுச்சொல்லையும் நீக்கிவிட்டு, தரவுத்தளத்தை அப்படியே எழுதச் செய்யுங்கள். ரெஸ்டிக் 0.14 பதிப்பு முதல் தானே சுருக்கிக்கொள்கிறது. மறையாக்கமும் அதனிடமே உண்டு. வெட்டி முடித்து, ஹாஷ் பார்த்த பிறகே அது இவ்விரண்டையும் செய்வதால் எதுவும் கெடுவதில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: மறையாக்கப்படாத அந்தக் கோப்பு கிளைக் கணினியிலேயே கிடக்கும் என்பதால், கணக்காளரைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி அந்தக் கோப்புறைக்கு அனுமதி அமைத்துவிடுங்கள்.

செந்தூல்வாசி, கோலாலம்பூர்:

மேலே சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடுதான். ஆனால் இடத்தைச் சேமிப்பதைப் பற்றி மட்டுமே பேசுவது எனக்குச் சற்றுக் கவலை தருகிறது. 14 கணினிகளும் ஒரே ரெப்போசிட்டரியில் (ரெஸ்டிக் காப்புப்படிகளைச் சேர்த்து வைக்கும் கிடங்கில்) எழுதுகின்றனவா? அப்படியானால் ஒரு கிளையில் இருக்கும் கடவுச்சொல்லைக் கொண்டு மற்றக் கிளைகளின் சம்பளக் கோப்புகளையும் திறந்துவிடலாம். கிளைக்கு ஒன்றாகப் பிரிப்பதே நல்லது என்பேன். கிளைகளுக்கிடையே பொதுவாக இருப்பவை பெரும்பாலும் விண்டோஸும் மென்பொருள் நிறுவல்களும்தான். அவற்றைக் காப்புப்படியில் சேர்க்கவே தேவையில்லை. ஆகவே பிரிப்பதால் இழக்கும் இடம் அதிகமிராது.

காப்புப்படிகளைப் பெற்றுக்கொள்ளும் ரெஸ்ட்-சர்வர் மென்பொருளை, புதிதாகச் சேர்க்க மட்டும் விடும் அப்பெண்ட்-ஒன்லி முறையில் ஓட்டுங்கள். கிளைக் கணினிக்குள் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரல்) புகுந்தாலும் அதனால் பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அழிக்க முடியாது. பழையதைக் கழிக்கும் வேலையைத் தலைமை அலுவலகச் சர்வரில் மட்டும் செய்யுங்கள். அதிலும் ஸ்னாப்ஷாட்டை மறக்கச் சொன்னால் மட்டும் போதாது, யாருக்கும் தேவைப்படாத துண்டுகளை நீக்கும் ப்ரூன் கட்டளை ஓடிய பிறகே டிஸ்க்கில் இடம் விடுபடும்.

டீடூப்ளிகேஷனுக்கு ஒரு விலை உண்டு. நூறு ஸ்னாப்ஷாட்டுகள் ஒரே துண்டை நம்பியிருக்கும்போது அந்தத் துண்டு பழுதானால் நூறும் பழுதாகிவிடும். செக் கட்டளைக்கு நாளுக்கு ஏழில் ஒரு பங்கு என்று சொல்லிவைத்தால் ஒரு வாரத்தில் எல்லாத் தரவையும் வாசித்துச் சரிபார்த்துவிடும். இரண்டாவது நகலும் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தின்போது ஷா ஆலாமில் எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் சர்வர் தரையில் இருந்தது. காப்புப்படி டிஸ்க் அந்தச் சர்வரின் தலையிலேயே இருந்தது. தண்ணீர் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

பழையசர்வர்:

கிளைவாரியாகப் பிரிப்பதென்றால் முதல் காப்புப்படியை இணையம் வழியாக அனுப்ப வேண்டாம். 10 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகத்தில் 100 ஜிபி போய்ச் சேரக் கணக்குப்படியே 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். யூஎஸ்பி டிஸ்க்கில் ரெப்போசிட்டரியை உருவாக்கி, கிளையில் நேரடியாக நிரப்பி, பினாங்குப் பாலத்தைக் கடந்து எடுத்து வந்து, சர்வரில் அப்படியே நகலெடுத்துவிடுங்கள். மறுநாளிலிருந்து ரெப்போசிட்டரியின் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். அவுட்லுக் கோப்புகள் திறந்திருக்கும்போது வாசிக்க முடியாமல் போகும் என்பதால் திறந்திருக்கும் கோப்பையும் அந்த நொடியில் இருந்தபடி வாசிக்க உதவும் விண்டோஸின் விஎஸ்எஸ் ஸ்னாப்ஷாட் வசதியைப் பயன்படுத்துங்கள். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும்.

பழைய ஜிப் கோப்புகளை ஒரேயடியாகக் கழித்துவிட வேண்டாம். மலேசிய வருமான வரிச் சட்டப்படி கணக்குப் பதிவேடுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உங்கள் கணக்காளருக்குத் தெரிந்திருக்கும். மாத இறுதி ஜிப்புகளையாவது தனியே எடுத்து வைத்துவிட்டு, பிறகு பழைய ரெப்போசிட்டரியைக் கலையுங்கள்.

கொடிமலை77:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ஜிப்பை நிறுத்தியதும் மூன்று கிளைகளும் சேர்ந்து இரவுக்கு 1.3 ஜிபிக்குக் குறைந்துவிட்டது. 100 எம்பியாக இறங்கவில்லையே என்று முதலில் ஏமாற்றமாக இருந்தது. தரவுத்தளத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு சிறு பக்கம் மாறினாலும் அதைச் சுமந்திருக்கும் 1 எம்பி துண்டு முழுவதும் புதிதாகப் போகிறது என்பது பிறகுதான் புரிந்தது. ரெப்போசிட்டரிகளைப் பிரித்துவிட்டேன்; இரண்டாவது நகல் வாரம் ஒருமுறை பட்டர்வொர்த்துக்குப் போகிறது. சுங்கைப்பட்டாணியின் தரவுத்தளத்தை ஒரு காலிக் கணினியில் மீட்டு, கணக்காளரைக் கொண்டு கடந்த மாதத்து மீதத்தைச் சரிபார்த்தோம். ஒரு காசுகூட மாறவில்லை.

கூலிம் மட்டும் நான்கு நாட்களாக எதையும் அனுப்பவில்லை. நேரில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மாலை 6 மணிக்கு அலுவலகத்தைப் பூட்டுபவர் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறார். அங்கே மட்டும் காப்புப்படியை மதியம் 1 மணிக்கு மாற்றிவிட்டேன். பதிவேற்ற வேகத்துக்கு வரம்பும் போட்டிருக்கிறேன்.