பழைய சுண்ணாம்புக் கட்டடத்தின் உச்சியில் பென்ட்ஹவுஸ்: அட்வான்ஸுக்கு முன் என்ன பார்க்கணும்?

வீடு தேடுபவர்:
தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பித்து ஃப்ளாட்டாக விற்கிறார்கள். கீழ் இரண்டு தளமும் தேக்குக் கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ். அதன்மேல் புதிதாக எழுப்பிய 1,800 சதுர அடி பென்ட்ஹவுஸ். தரை மார்பிள், வெளியே சின்ன நீச்சல் குளம். கட்டுமானம், சுண்ணாம்புப் பூச்சு, பத்திரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: எதையெல்லாம் சோதிக்கணும்?

கட்டுமானம்:
புதுத் தளத்தின் பாரம் எங்கே இறங்குகிறது என்று முதலில் கேளுங்கள். மெட்ராஸ் டெரஸில் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் கோணலாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். வற்றல் காயப்போட, காற்று வாங்க அது தாராளம். இன்னொரு வீட்டைச் சுமக்காது. 5 அங்குல கான்கிரீட் தளமே சதுர அடிக்கு 30 கிலோவை நெருங்கும். மார்பிளும் அதன் அடிக்கலவையும் சேர்ந்து இன்னும் 12 கிலோ வரும். குளத்தில் நாலடித் தண்ணீர் நின்றால் சதுர அடிக்கு 113 கிலோ!

சுவருக்குச் சுவர் இரும்பு பீம் போட்டு, பழைய தளத்தைத் தொடாமல் சில அங்குலம் தூக்கிக் கட்டியிருக்கணும். பீம் உட்காரும் இடத்தில், பாரத்தைச் சுவரில் பரப்பிவிட ஒரு கான்கிரீட் கட்டை (பெட் பிளாக்) வேண்டும். இல்லையென்றால் சுண்ணாம்புக் காரை நசுங்கி, பீமுக்குக் கீழே சுவரில் செங்குத்தாக விரிசல் விழும்.

கீழ்த்தளத்து ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். தேக்குக் கட்டை சுவருக்குள் நுழைகிற கடைசி ஒரு அடிதான் முக்கியம். சுவர் ஈரம் அங்கேதான் ஏறும், கரையானும் அங்கேதான். ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். நல்ல தேக்கில் கீறல் மட்டும் விழும். உளுத்ததில் முனை உள்ளே போய்விடும். சுத்தியலால் தட்டினால் சத்தமும் பொத்தென்று வரும்.

வீடு தேடுபவர்:
பீம் போட்டிருக்கிறார்கள். ஆனால் குளம் பழைய தளத்தின் மேலேயே இருக்கிறது.

கட்டுமானம்:
அப்படியானால் அதில் தண்ணீர் நிரப்பவே கூடாது. விற்பவரோடு சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிப்போய், அஸ்திவாரம் வரை கணக்குப் போட்டுக் கையெழுத்தோடு வாங்குங்கள்.

சுண்ணாம்புக்காரை:
உச்சியில் இருக்கப்போகிறோம் என்று கீழ்ச்சுவரை விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டைத் தாங்குவது அதுதான். டெல்டா களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். மூலைகளில் ஏணிப்படி மாதிரி விரிசல் இருக்கிறதா பாருங்கள். தரையிலிருந்து மூன்றடி வரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், சுவரில் ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். பல இடங்களில் அதன்மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்து ஈரத்தை அடைத்துவிடுவார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். அதை உரித்துச் சுண்ணாம்பே பூசணும். தண்ணீரில் சரியாக நீறாத (முழுதாக வேகாத) சுண்ணாம்பு என்றால் சில மாதத்தில் பூச்சு கடுகளவு, மிளகளவு குழியாகப் பொரிந்து விழும்.

பத்திரம்:
பெரிய கோயில் மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அடுத்த 200 மீட்டரில் முன் அனுமதி வேண்டும். 2010 திருத்தச் சட்டம் இது. இருக்கிற கட்டடத்தின் மேல் தளம் ஏற்றுவதும் கட்டுமானம்தான். "ரிப்பேர்" என்று வாங்கிய அனுமதி அதற்குச் செல்லாது. அங்கீகரித்த வரைபடத்தில் உங்கள் தளம் வரைந்திருக்கணும். மொட்டை மாடி உங்களுக்கு மட்டுமா, பொதுவா என்பதும், யுடிஎஸ் (நிலத்தில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு) எத்தனை சதுர அடி என்பதும் பத்திரத்திலேயே எழுதியிருக்கணும். வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.