வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்: சப்போர்ட் பாலிகன்

ஆசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா:

வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இரண்டு காலில் நடக்கும் ரோபோ செய்கிறார்கள். ஐஸ்கிரீம் குச்சி, தடித்த அட்டை, எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்) 4, அவற்றை இயக்க அர்டுவினோ நேனோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டு ஒன்று, சாமான் அவ்வளவுதான். இடுப்புச் சர்வோ இரண்டும் காலைத் திருப்பும், கணுக்காலில் உள்ளவை உடலைச் சாய்க்கும். விளக்கப் பலகையை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் எழுதி முடிக்க வேண்டும்.

இரு பாதமும் தரையில் இருக்கும்போது அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டினால் உள்ளே அடங்கும் இடம்தான் சப்போர்ட் பாலிகன். ஒரு காலைத் தூக்கியதும் அது மற்றப் பாதத்தின் அளவுக்குச் சுருங்கிவிடும். மெதுவாக நடக்கும்போது, ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு அந்த இடத்துக்குள்ளேயே இருந்தால் ரோபோ கவிழாது. அதனால்தான் முதலில் நிற்கும் கால் பக்கம் சாய்ந்து, பிறகு மறுகாலைத் தூக்குகிறது. 'ஆதரவுப் பலகோணம்' என்று எழுதினேன். "ஆதரவற்றோர் இல்லம் மாதிரியா டீச்சர்?" என்கிறாள் ஆறாம் ஆண்டு மாணவி. நல்ல சொல் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங்:

அம்மா, அந்தப் பிள்ளை சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். ஆதரவு மனம் சார்ந்தது. கால் செய்வது ஊன்றுதல். 'ஊன்றுகளம்' என்று எழுதுங்கள். ஊன்றுகோல் இல்லாத வீடு உண்டா? ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, வலி மிகாது. பலகையில் 'ஊன்றுக்களம்' என்று ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோபோவையும் விடாதீர்கள். முக்காலி, நாற்காலி இருக்கும்போது 'இருகாலிப் பொறி' ஏன் கூடாது? மதுரை மதிலில் தானே வளைந்து அம்பெய்த வளைவிற்பொறியைச் சிலம்பு பேசுகிறது. சிந்தாமணியில் மயிற்பொறி அரசியைச் சுமந்து பறக்கிறது. பறக்கும் பொறிக்குப் பெயர் வைத்த மொழியில் நடக்கும் பொறிக்குச் சொல்லுக்குத் தட்டுப்பாடா?

மின்னியல் பொறியாளர், பினாங்கு:

ஐயா, 'ஊன்று' அருமை. ஆனால் 'களம்' என்றதும் வடிவம் தொலைந்துவிடுகிறது. நிரலில் நான் கொடுப்பது பாதங்களின் மூலைப்புள்ளிகளை. ஒவ்வொரு விளிம்பாக எடுத்து, புள்ளி உட்பக்கம் இருக்கிறதா என்று கணக்கிடுகிறேன். பலகோணம் என்ற சொல் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றே புரியாது. என் வாக்கு 'தாங்கு பலகோணம்'.

இன்னொன்று. வேகமாக நடக்கும்போது ஈர்ப்பு மையக் கோடு மட்டும் போதாது. செர்பிய அறிவியலாளர் வுகோப்ரடோவிச் முன்வைத்த ஸீரோ மூமென்ட் பாயிண்ட், அதாவது எடையும் அசைவும் சேர்ந்து கவிழ்க்கப் பார்க்கும் திருப்பம் சுழியாகும் தரைப்புள்ளி, அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும். ஹோண்டா 2000இல் காட்டிய மனித வடிவ ரோபோ அசிமோ போன்றவை நடந்தது அந்தக் கணக்கில்தான். நாளைக்கு அதற்கும் சொல் தேடுவோம். மூமென்டுக்குத் 'திருப்புத்திறன்' ஏற்கெனவே இருப்பதால் 'சுழித் திருப்புத்திறன் புள்ளி' என்று வைக்கலாம்.

தைப்பிங்:

தம்பி, 'தாங்கி' என்றால் பட்டறையில் பேரிங். குழப்பம் வரும். பாதம் ரோபோவைத் தாங்குகிறது, பாதத்தைத் தரை தாங்குகிறது. நடுவில் இந்தப் பலகோணம் எதையும் தாங்கவில்லை, எல்லையை வகுக்கிறது. கோணத்தை நான் வெறுக்கவில்லை. கோண், கோணல், கோணுதல் எல்லாம் வளைவைக் குறிக்கும் நம் வேர்ச்சொற்கள். கோணம் அந்தக் குடும்பம் என்பதே என் எண்ணம். 'அடி'யையும் யோசித்தேன். பாதமும் அடி, மரத்தின் கீழ்ப்பகுதியும் அடி, செய்யுளின் வரியும் அடி; நாற்சீர் சேர்ந்தால் அளவடி. ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை இருப்பதால் விட்டுவிட்டேன்.

பட்டறைக்காரர், கோலகங்சார்:

டீச்சர், நான் ரோபோ செய்து பழகியவன், இலக்கணம் தெரியாது. தாளில் மகிழுந்து என்று எழுதுகிறோம், வாயில் காடி என்கிறோம். பிள்ளைகள் இணையத்தில் தேடும்போது 'சப்போர்ட் பாலிகன்' என்றுதான் தேட வேண்டும். தமிழ்ச்சொல்லுக்குக் கீழே அதையும் எழுதுங்கள். தமிழில் வேண்டுமென்றால் 'காலடி வட்டம்' போதுமே.

சொல்லைவிட அவசரம் ஒன்று: நான்கு சர்வோவுக்கும் நேனோவின் 5 வோல்ட் முனையிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். ஒன்றாக அசையும்போது மின்னழுத்தம் இறங்கி, போர்டு திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். தனி பேட்டரி கொடுத்து, கிரவுண்ட் கம்பியை மட்டும் பொதுவாக்குங்கள். எஸ்ஜி90 4.8 வோல்ட்டில் சுமார் 1.8 கிலோகிராம்-சென்டிமீட்டர்தான் திருப்பும், அதனால் தலையில் பாரம் ஏற்றாதீர்கள். உள்ளங்காலை அகலமாக வெட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

பினாங்கு:

அண்ணே, மின்சாரம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 'வட்டம்' மட்டும் வேண்டாம், அது வட்டமே இல்லை.

கோலகங்சார்:

வட்டாரம் என்கிறோமே, அது மட்டும் வட்டமாகவா இருக்கிறது?

ஆசிரியை:

ஐயாவுக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. மூன்று சொல்லையும் வகுப்பில் சொன்னேன். 'ஊன்றுகளம்' என்றதும் இரண்டு பையன்கள் எழுந்து ஒரு காலை ஊன்றிக் காட்டினார்கள். 'தாங்கு பலகோணம்' சொன்னபோது அமைதி. பலகையில் 'ஊன்றுகளம்', கீழே சிறிய எழுத்தில் 'சப்போர்ட் பாலிகன்', பக்கத்தில் ரப்பர் வளையம் மாட்டிய பாதங்களின் படம். ரோபோ ரோபோவாகவே இருக்கட்டும். இருகாலியைத் தலைப்பில் மட்டும் சேர்க்கிறேன். பேட்டரியைத் தனியாக்கிவிட்டோம்.

பினாங்கு:

பலகைக்குச் சரி, டீச்சர். நம் கலைச்சொற்பட்டியலில் இதை முடிவாக ஏற்ற எனக்குச் சம்மதமில்லை. இடைநிலைப் பள்ளியில் இதே பிள்ளைகள் மூலைப்புள்ளிகளை வைத்துக் கணக்கிடும்போது களம் கைகொடுக்காது. 'ஊன்று பலகோணம்' என்றாவது பக்கத்தில் குறித்து வையுங்கள்.

தைப்பிங்:

அதற்கு நானும் உடன்படுகிறேன். அடுத்து சர்வோ. ஏவியதும் திரும்பி நிற்பதால் 'ஏவலி' என்பது என் பரிந்துரை.