ஓராண்டுப் படிப்பா, நர்சிங்கா? தங்கைக்கு வழி சொல்லுங்கள்

குழுவில் இருக்கும் செவிலியர் அக்காக்களுக்கு வணக்கம். என் தங்கை பிளஸ் டூவில் உயிரியல் படித்துத் தேறியிருக்கிறாள். பாட்டி பக்கவாதத்தில் கிடந்த எட்டு மாதமும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தவள் அவள்தான். அந்தப் பொறுமை வீணாகக் கூடாது.

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு, டிப்ளமோ 3 ஆண்டு என்றதும் அப்பா செலவை நினைத்துத் தயங்குகிறார். இங்குள்ள தனியார் நிலையம் ஒன்று, ஓராண்டு நோயாளர் பராமரிப்புச் சான்றிதழே போதும், நர்ஸ் வேலை நிச்சயம் என்கிறது. நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாமல் எப்படி நர்ஸ் ஆவது? கேட்டால் மழுப்புகிறார்கள்.

அரசு மருத்துவமனைப் பள்ளிகளில் டிப்ளமோ படித்தவர்கள் விடுதி, உதவித்தொகை பற்றிச் சொல்லுங்கள். உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே பிறகு நர்சிங் சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இந்த வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.