ரிசல்ட் வரும்வரை 45 நாள்: இதுவரை செய்யாததைச் செய்து பார்த்த கதை

வைகைக்கரை எழுதியது:

2024 மார்ச் 22. பிளஸ் டூ கடைசித் தேர்வு, உயிரியல். எழுதிவிட்டு வந்தவள் யூனிபார்மைக்கூட மாற்றாமல் படுத்துத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது வீட்டில் விளக்கு வைத்திருந்தார்கள். ரிசல்ட் மே 6. நடுவில் 45 நாள்.

மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஆனால் ஸ்கூல் வேன், டியூஷன், அப்பா வண்டியின் பின் சீட், இந்த மூன்றைத் தாண்டி ஊரைப் பார்த்ததில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் தனியாக ஒரு பஸ் ஏறியது கிடையாது. அன்றிரவு தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், "எனக்குப் பழக்கமில்லை" என்று சொல்லி நான் ஒதுங்கிய காரியங்களை எல்லாம் எழுதிப் பார்த்தேன். ஒன்பது வந்தது. ரிசல்ட்டுக்குள் எத்தனை முடிகிறதோ அத்தனையையும் செய்துவிடுவது என்று எனக்கு நானே பந்தயம் கட்டினேன். ஆறு முடிந்தது. அங்கே சந்தித்த மனிதர்களால் என் மனதில் நின்றுபோனவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

முதலாவது, டவுன் பஸ்ஸில் தனியாக சமணர் மலைக்குப் போவது. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று ஆனது 2021 மே மாதம். மூன்று வருடமாக அந்த இலவச டிக்கெட்டை நான் கையில் வாங்கியதே இல்லை. ஸ்டாண்டில் நின்று போர்டு போர்டாகப் படித்தேன். கீழக்குயில்குடி போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கேட்க வாய் வரவில்லை. இரண்டு பஸ் போய்விட்டது. வெற்றிலைக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "எங்க தாயி போகணும்?" என்றார். சொன்னேன். "நானும் அந்தப் பக்கந்தான். எங்கூட ஏறு. எறங்குற எடத்தை நீயே பாத்துக்கணும், நான் சொல்ல மாட்டேன். அப்பத்தான் அடுத்த தடவை தெரியும்" என்றார். சொன்னபடியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இறங்கும்போது மட்டும் கூடையிலிருந்து கையைத் தூக்கி ஆட்டினார்.

மலையடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம். பக்கத்திலேயே பாறையில் வெட்டிய படிகள் பேச்சிப்பள்ளத்துக்குப் போகின்றன. அங்கே ஒரு சுனைக்கு மேலே வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அடியில் வட்டெழுத்தில் இன்னார் செய்வித்த திருமேனி என்று வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது. எனக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. தமிழ்தான், ஆனால் வாசிக்கத் தெரியவில்லை. அங்கே நின்றபோது வந்த ஆசையில்தான் பிறகு வட்டெழுத்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். பட்டியலில் அது இல்லவே இல்லை.

ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது சின்ன விஷயம். "இன்னும் யாராச்சும் வரணுமாம்மா?" என்று பரிமாறுகிறவர் இரண்டு தடவை கேட்டார். இல்லை, நான் மட்டும்தான் என்றேன். உடனே ஃபேனுக்குக் கீழே இருந்த மேசைக்கு என்னை மாற்றி உட்கார வைத்தார். அவ்வளவுதான்.

ரத்ததானம் நடக்கவில்லை. அண்ணனோடு முகாமுக்குப் போனேன். பிறந்த தேதியைப் பார்த்த நர்ஸ், "பதினெட்டு முடியணும்மா, சட்டம் அது" என்று சொல்லி, கொடுத்தவர்களுக்கு வைத்திருந்த பிஸ்கட்டில் ஒரு பாக்கெட்டை என் கையில் திணித்து அனுப்பினார்.

இனி நீச்சல். இதைத்தான் எழுத வந்தேன்.

மேலூர்ப் பக்கம் என் அத்தை ஊர். தென்னந்தோப்புக்குள் இறங்கு கிணறு. ஏப்ரலில் தண்ணீர் கீழே போயிருந்தது, பதினாலு படி இறங்க வேண்டும். சின்ன வயதில் அத்தை மகன்கள் அதில் குதிப்பதை மேலே நின்று பார்த்ததோடு சரி. எனக்கு நீச்சல் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றதும் அத்தை, "நான் சொல்லித் தர்றேன்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஐம்பது வயது, முழங்கால் வலி. அவர் நீந்தி நான் பார்த்ததே இல்லை. மாமாவே பார்த்ததில்லையாம்.

முதல் நாள் மோட்டார் சுவிட்சை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அதன் பிறகுதான் என்னை இறங்கவிட்டார். இதைப் படிக்கிற தங்கச்சிகள் கவனிக்கவும்: மோட்டார் ஓடுகிற கிணற்றிலும், ஆழம் தெரியாத கிணற்றிலும், தனியாகவும் ஒருநாளும் இறங்கக் கூடாது. அந்தக் காலத்தில் சுரைக்குடுக்கை கட்டுவார்களாம். எனக்கு ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டு. மூடியை இறுக்கித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். பழைய வேட்டியைக் கிழித்து என் முதுகில் கட்டினார். அந்த முடிச்சைப் போட மட்டும் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். இழுத்துப் பார்ப்பார், அவிழ்ப்பார், மறுபடி போடுவார்.

இறங்கினால் மேல்தண்ணீர் வெதுவெதுப்பு. இடுப்புக்குக் கீழே சில்லென்று வேறொரு தண்ணீர். பாசி வாசனை. சுவர்ப் பொந்தில் புறா சிறகடித்தால் கிணறு முழுக்க அந்தச் சத்தம். பயத்தில் நான் தலையைத் தூக்கத் தூக்க இடுப்பு கீழே போனது. "தலைய மேல தூக்காத, காதுவரைக்கும் தண்ணிக்குள்ள விடு, நெஞ்சு நெறைய மூச்சை வச்சுக்க" என்று படியிலிருந்து அத்தை கத்துவார். பள்ளியில் மிதப்பு விசையைப் படித்து ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். நுரையீரலில் காற்று இருக்கும்வரை உடம்பு மேலேதான் நிற்கும் என்று என் முதுகுக்குத் தெரிய மூன்று நாள் ஆனது.

மூன்றாம் நாள் ஒரு கேன் நழுவிவிட்டது. புரண்டுபோய் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தேன். கண்ணுக்குள் எல்லாம் பச்சை. அடுத்த நொடி என் சடையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். அத்தை. சேலையோடு குதித்திருக்கிறார். என்னைப் படியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, அவர் வெளியே வரவில்லை. அப்படியே மல்லாந்து மிதந்தார். சேலை சுற்றிலும் விரிந்து கிடந்தது. ஒரு கைகூட அசையவில்லை. நான் இருமலை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எத்தனை வருசம் அத்தை?"

"பதிமூணு வயசுல பெரிய மனுசி ஆனேன். அன்னைக்கு நின்னது."

முப்பத்தேழு வருடம். தினமும் அந்தக் கிணற்றைத் தாண்டித்தான் தோப்புக்குப் போவார். நான் புதிது புதிது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தைக்கு அது புதிது இல்லை, அவரிடமிருந்து எடுத்து வைத்துவிட்ட ஒன்று. அதன் பிறகு படியில் நின்று கத்தவில்லை, தினமும் என்னோடு இறங்கினார். ஒன்பதாம் நாள் கேன் இல்லாமல் அக்கரைச் சுவரைத் தொட்டேன். கால்கள் உதறின. அத்தை விரலைச் சொடுக்கித் திருஷ்டி கழித்தார்.

ரிசல்ட் வந்தது, மார்க் பரவாயில்லை. அந்தக் காலண்டர் தாள் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.


கீரனூர்க்காரி எழுதியது:

உன் அத்தையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை தங்கம். எனக்கு இப்போது நாற்பத்தெட்டு. 1992-இல் பதினைந்து. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்த காலம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா. எழுத்துச் சொல்லிக்கொடுப்பதோடு பெண்களைச் சைக்கிளும் ஓட்ட வைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று பிறகு பத்திரிகைகளில் வந்தது. அந்த லட்சத்தில் நான் ஒருத்தி.

எனக்குச் சொல்லித்தந்தவர் கல் உடைக்கிற ஓர் அக்கா. அவரே இரண்டு மாதம் முன்னால்தான் பழகியிருந்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காது, பார் வைத்த ஆம்பளை சைக்கிள்தான். ராத்திரி எழுத்து வகுப்பு முடிந்ததும் கம்மாய்க் கரையில் நிலா வெளிச்சத்தில் பழகுவோம். கால் எட்டாததால் முதலில் குரங்குப் பெடல். பார் சந்துக்குள் காலை விட்டு, உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதிப்பது. என் தாவணி செயினில் மாட்டி இரண்டு சாண் கிழிந்துபோனது. கிரீஸ் கறை போகவே இல்லை. அம்மாவுக்குத் தெரியாமல் அந்தப் பக்கத்தை உள்ளே கொசுவி உடுத்தியே ஒரு வருடம் ஓட்டினேன்.

அப்பாவுக்குத் தெரிந்தபோது மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் எங்கள் தெருவில் குழாய் வரவில்லை. நான் கேரியரின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர்ப் பம்புசெட்டுக்குப் போய் வந்தேன். ஒன்றும் சொல்லவில்லை அவர். மறுநாள் காலையில் பார்த்தால் சைக்கிளின் டயரில் காற்று நிறைந்திருந்தது. யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பார் வைத்த சைக்கிள் பிற்பாடு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. கல்யாணத்துக்குப் பிறகு என் மகனை முன்னால் பாரில் உட்கார வைத்து பால்வாடிக்குக் கொண்டுபோய் விடுவேன். சொல்லித்தந்த அந்த அக்கா இப்போது இல்லை. எனக்குப் பிறகு அவர் இன்னும் பதினோரு பேருக்குச் சொல்லித்தந்தார். சைக்கிளின் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர் ஓடிவரும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எப்போது கையை விட்டார் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.


ஈரோட்டு அப்பா எழுதியது:

நான் அனுமதி கொடுக்கும் இடத்தில் இருக்கிறவன், அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். என் மகளுக்குப் பதினாறு. போன மே மாதம், திருச்சியில் உள்ள பெரியம்மா வீட்டுக்கு பாசஞ்சர் ரயிலில் தனியாகப் போகிறேன் என்றாள். ஒரு வாரம் இழுத்தடித்தேன். நான் சொன்ன ஒரு காரணத்தையும் அவள் மறுக்கவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் "என்னப்பா முடிவு பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டேன்: ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் போன் செய்ய வேண்டும்.

கொடுமுடியில் செய்தாள். கரூரில் செய்தாள். அப்புறம் இல்லை. குளித்தலை நேரம் தாண்டியது. நான் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், வாடிக்கையாளர் கேட்ட சாமான் காதில் ஏறவில்லை. நானே கூப்பிட்டேன். எடுத்தவள் குரலில் அவசரம். "அப்பா, பக்கத்து சீட்டுப் பாட்டி லாலாப்பேட்டையில வெள்ளம் வந்த கதை சொல்லிட்டிருக்காங்க. வாழைத்தோப்பு மொத்தமும் போயிடுச்சாம். முடிஞ்சதும் பண்றேன்" என்று வைத்துவிட்டாள். பின்னால் யாரோ, "தட்டை எடுத்துக்க கண்ணு" என்பது கேட்டது.

திரும்பி வரும்போது எந்த ஸ்டேஷனிலும் போன் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் பாட்டியை நான் பார்த்ததில்லை, ஆனால் அவர்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்.


வைகைக்கரை எழுதியது:

அண்ணா, உங்கள் மகளைப் போலத்தான் நானும் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக் கேட்டு வாங்கினேன்! ரத்ததானம் என்ன ஆயிற்று என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். செப்டம்பரில் பதினெட்டு முடிந்தது, அந்த வாரமே கொடுத்துவிட்டேன்.

கீரனூர் அக்கா, நேற்று அத்தை வீட்டில் இருந்தேன். நீங்கள் எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டார். குரங்குப் பெடல் என்ற இடத்தில் சிரித்தார். தாவணி கிழிந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். கடைசியில் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓடிவர ஆள் வேணும்ல?" என்றார்.

நான் இருக்கிறேன் அத்தை என்றேன். எதிர்வீட்டுப் பையனிடம் சைக்கிள் கேட்டு வைத்திருக்கிறோம். முழங்கால் வலிக்கு சீட்டை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் அக்கா.