உள்ளே இருப்பது புழுவா, கூட்டுப்புழுவா?

வணக்கம் நண்பர்களே. செடியில் ஒரு கூடு தொங்குகிறது. சிறு குச்சிகளை அடுக்கி ஒட்டிய குட்டி விறகுக்கட்டு மாதிரி இருக்கிறது.

பட்டுப்புழு கூடு கட்டும் விதம் ஓரளவு தெரியும். தலையை 8 போல ஆட்டி ஆட்டி, 2, 3 நாளில் முடித்துவிடும். இழையின் உள்ளே ஃபைப்ரோயின், மேலே பசையாக செரிசின், இரண்டுமே புரதம். வாயருகே திரவமாக வருவது இழுபடும்போதே இழையாக இறுகுவதை நினைத்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது.

இந்தக் கூட்டில் குச்சிகளைப் பிடித்திருப்பதும் பட்டு இழைதானா? அப்புறம் முக்கியமாக, உள்ளே இருப்பது இன்னும் இலை தின்னும் புழுவா, கூட்டுப்புழுவாக மாறிவிட்டதா என்று பிரிக்காமலே அறிய வழி உண்டா? 2 நாளாக இடம் நகரவில்லை. வெட்டித் திறக்க மனம் வரவில்லை. வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.