எச்டி சேனல்ல கூட படம் மங்கலா தெரியுது, அப்பா தன் கண்ணுலதான் கோளாறுன்னு நினைக்கிறாரு

மதுரைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் அப்பாவுக்காக 55 இன்ச் 4கே டிவி வாங்கினேன். அவருக்கு 72 வயசு, ரெண்டு வருசம் முன்னாடி ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்து லென்ஸ் வச்சோம், அதுக்கப்புறம் பேப்பர்ல வர்ற பொடி எழுத்தெல்லாம் கண்ணாடி இல்லாம வாசிச்சிட்டு இருந்தாரு. கிரிக்கெட்னா உயிரு, அதனால டிடிஎச்ல எச்டி பேக்கும் சேர்த்து போட்டேன்.

இப்ப பவுலர் ஓடி வரும்போது கேமரா கூடவே நகருதுல்ல, அந்த நேரம் புல்தரை மொத்தமும் பச்சை பெயின்ட் அடிச்ச மாதிரி வழவழன்னு ஆயிடுது, கேமரா நின்னு ஒரு செகண்டு கழிச்சுதான் திரும்ப புல்லா தெரியுது. சேப்பாக்கம் மேட்ச்ல கூட்டத்தை காட்டினா மஞ்ச சட்டை எல்லாம் ஒண்ணா கரைஞ்சு கட்டம் கட்டமா துடிக்குது. பழைய பாட்டு போட்டா நெத்திக்கு மேல வெட்டிருக்கு. அப்பா ரெண்டு நாளா கண்ணை கசக்கிட்டே "லென்ஸ் நகந்துருச்சு போலடா, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போ"ங்கிறாரு, அதை கேக்கத்தான் எனக்கு தாங்கல.

கஸ்டமர் கேர்ல கேட்டா சிக்னல் 90 இருக்கு உங்க டிவிதான் பிரச்சனைங்கிறாங்க, டிவி கடைல பாக்ஸ்தான் பிரச்சனைங்கிறாங்க. ஒரு பையன் வந்து மாடில டிஷ்ஷ லேசா திருப்பிட்டு 300 ரூபா வாங்கிட்டு போனான், ஒரு மாத்தமும் இல்ல. ஆனா அதே டிவில யூடியூப்ல 4கே வீடியோ போட்டா மரத்துல இலை இலையா தெரியுது. யார் மேலதான் தப்பு?

டிஷ் அண்ணாச்சி:
தம்பி, நான் பதினஞ்சு வருசமா டிஷ் மாட்டுற வேலைதான் பாக்குறேன். முதல்ல அப்பாகிட்ட சொல்லுங்க, கண்ணுல ஒண்ணும் இல்ல, யூடியூப்ல இலை தெரியுதுல்ல அதுவே சாட்சி. ரெண்டாவது, டிஷ்ஷ திருப்பி இதை சரி பண்ண முடியாது. பழைய ஆன்டெனா காலத்துல சிக்னல் குறைஞ்சா படம் மங்கும், புள்ளி புள்ளியா வரும். டிஜிட்டல்ல அப்படி கிடையாது, சிக்னல் போதுமான அளவு இருந்தா அவன் அனுப்பின படம் அப்படியே வரும், குறைஞ்சா உடைஞ்சு நிக்கும், அப்புறம் படமே போயிடும். மழைக்கு போறது அதுதான், நம்ம டிடிஎச் எல்லாம் கேயு பேண்ட்னு ஒரு அலைவரிசைல வருது, அதை மழைத்தண்ணி குடிச்சிடும். உங்களுக்கு உடையல, மங்குதுங்கிறீங்க, அப்ப டிஷ் மேல தப்பில்ல. அந்த 300 ரூபா வாங்கினது அநியாயம்.

பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவுல என்ன வயர் போகுதுன்னு பாருங்க. சிவப்பு வெள்ளை மஞ்சள் மூணு கலர் வயரா இருந்தா அதுல எச்டி வரவே வராது. எச்டிஎம்ஐயா இருந்தாலும் பாக்ஸ் செட்டிங்ல போய் வீடியோ அவுட்புட் என்னன்னு பாருங்க, நிறைய வீட்டுல 576லயே, அதாவது எஸ்டிங்கிற பழைய சாதாரண தரத்துலயே கிடக்கும், மாட்டிட்டு போறவங்க யாரும் அதை தொடுறதில்ல. மாசாமாசம் எச்டிக்கு காசு கட்டிட்டு எஸ்டி பாத்துட்டு இருக்கிற வீடு எத்தனையோ நான் பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

பிட்ரேட் பாலு:
அண்ணாச்சி சொன்னதை முதல்ல பாருங்க ப்ரோ, ஆனா அதை சரி பண்ணினாலும் அந்த பச்சை பெயின்ட் முழுசா போகாது, ஏன்னா அது சேட்டிலைட்டுக்கு ஏத்தும்போதே அப்படித்தான் ஏறுது. நம்ம ஊர்ல எச்டி ஒளிபரப்பு பெரும்பாலும் 1080ஐ, அதாவது செகண்டுக்கு 50 பாதிப்படம், ஒவ்வொண்ணுலயும் 540 வரிதான். அசையாத காட்சில ரெண்டு பாதியும் சேர்ந்து முழுசா தெரியும், வேகமா நகர்ற காட்சில டிவி இடைவெளியை ஊகிச்சுதான் நிரப்பணும்.

அதை விட பெரிய விஷயம் பிட்ரேட், அதாவது ஒரு செகண்டு படத்துக்கு எவ்வளவு டேட்டா அனுப்புறாங்கங்கிறது. சேட்டிலைட்ல ஒரு ட்ரான்ஸ்பாண்டர்ல, அதாவது சேனல்களை வாங்கி திருப்பி அனுப்புற ஒரு கருவில, செகண்டுக்கு 60 மெகாபிட் போகுதுன்னு வைங்க, அதுல 10 எச்டி சேனல் ஏத்தினா ஒண்ணுக்கு 6 தான். இதே 1920க்கு 1080 படத்துக்கு ப்ளூரே டிஸ்க்ல 40 மெகாபிட் வரைக்கும் இடம் இருக்கு. ஒரே குழாய்ல பத்து வீட்டுக்கு தண்ணி விடுற கதைதான், யாருக்கு அதிகம் வேணுமோ அவங்களுக்கு கொஞ்சம் கூட விடுவாங்க, ஆனா எல்லா வீட்டுலயும் ஒரே நேரம் குழாயை திறந்தா என்ன ஆகும்? நியூஸ் வாசிக்கிறவங்க முகம் அசையாது, பின்னாடி இருக்கிற சுவரும் அசையாது, அதுக்கு கொஞ்சம் பிட் போதும். புல்தரைல லட்சம் புல்லு, கேமரா திரும்பினா எல்லாமே ஒரே நேரம் நகருது, அதுக்கு பிட் பத்தாதப்போ படத்தை சுருக்கி அனுப்புற என்கோடர் முதல்ல தூக்கி எறியறது நுணுக்கத்தைத்தான். கேமரா நின்னதும் புல்லு திரும்பி வருதுன்னு எழுதியிருக்கீங்களே, அது இதேதான், சரியா கவனிச்சிருக்கீங்க.

அப்புறம் 32 இன்ச்ல மறைஞ்சு கிடந்த குறையெல்லாம் 55ல பெரிசாகித்தான் தெரியும். 4கே டிவிங்கிறதால வர்ற ஒவ்வொரு பிக்சலையும் நாலாக்கி காட்டுது. டிவில விவிட் மோடு போட்டு ஷார்ப்னஸ் ஏத்தி வச்சிருந்தா கட்டங்களோட ஓரம் இன்னும் எடுப்பா தெரியும், சினிமா மோடு போட்டு ஷார்ப்னஸை நல்லா குறைங்க.

எனக்கு கோவம் எதுலன்னா, 2019ல டிராயோட (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) புது கட்டண முறை நடைமுறைக்கு வந்தப்போ ஒரு எச்டி சேனலை ரெண்டு எஸ்டி சேனலா கணக்கு பண்ணித்தான் கட்டணம் போட்டாங்க. எஸ்டி படத்துல நாலு லட்சம் பிக்சல், எச்டில இருபது லட்சம். காசுல ரெண்டு பங்கு கேட்டவங்க படத்துல அஞ்சு பங்கு நுணுக்கம் குடுக்கணும்ல.

பழைய பாட்டு ரசிகை:
அந்த தலை வெட்டுறதை பத்தி நான் சொல்றேன். கருப்பு வெள்ளை காலத்து படம் எல்லாம் ஏறக்குறைய 4:3 அளவு, சதுரத்துக்கு கிட்ட இருக்கும். அதை அகல டிவி முழுக்க நிரப்பணும்னா மேலயும் கீழயும் சேர்த்து உயரத்துல கால் பங்கை வெட்டணும். பரதநாட்டிய காட்சில கால் பங்கு போனா என்ன மிஞ்சும்? முகம் தெரிஞ்சா பாதம் தெரியாது, சலங்கை சத்தம் மட்டும் கேக்கும். ஃப்ரேம்ல பாதம் எங்க விழணும்னு யோசிச்சு வச்ச கேமராமேனோட உழைப்பை வெட்டிப்போடுறாங்க. ரெண்டு பக்கமும் கருப்பு பட்டை விட்டு முழுசா காட்டினா யாருக்கு என்ன நஷ்டம்?

வெட்டுறது உங்க டிவியா சேனலான்னு கண்டுபிடிக்க மூலைல இருக்கிற லோகோவை பாருங்க தம்பி. லோகோவும் வெட்டுப்பட்டோ நசுங்கியோ இருந்தா உங்க வீட்டு செட்டிங், டிவில ஸ்கிரீன் ஃபிட்டுன்னோ ஜஸ்ட் ஸ்கேன்னோ இருக்கும் அதை போடுங்க. லோகோ ஒழுங்கா இருந்து படம் மட்டும் வெட்டியிருந்தா அது சேனல் பண்ற வேலை, நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது.

திருச்சி பையன்:
டிடிஎச்சை தூக்கி போட்டுட்டு ஆப்ல பாருங்க ப்ரோ, நெட் நல்லா இருந்தா படம் தெளிவா வரும்.

டிஷ் அண்ணாச்சி:
ஆப்ல லைவ் பிந்தி வரும் தம்பி. இவங்க வீட்டுல பவுலர் ஓட ஆரம்பிக்கும்போதே பக்கத்து வீட்டுல சிக்ஸுன்னு கத்திடுவாங்க, பெரியவருக்கு சப்புன்னு ஆயிடும்.

மதுரைக்காரன்:
அண்ணாச்சி, பாக்ஸ் 576லதான் இருந்துச்சு! 1080ஐக்கு மாத்தினதும் ஸ்கோர்ல இருக்கிற எழுத்து பளிச்சுன்னு ஆயிடுச்சு. அக்கா சொன்ன மாதிரி லோகோவை பாத்தேன், முழுசா இருக்கு, அப்ப பாட்டை வெட்டுறது சேனல்தான். பாலு ப்ரோ, ஷார்ப்னஸ் குறைச்சதும் கூட்டத்துல அந்த துடிப்பு கொஞ்சம் அடங்குச்சு, ஆனா புல்லு இன்னும் கரையுது.

அப்பாவை உக்கார வச்சு முதல்ல பேப்பர்ல வரி விளம்பரம் வாசிக்க சொன்னேன், அப்புறம் யூடியூப்ல இலையை காட்டினேன், அப்புறம் மேட்ச்சை போட்டேன். கொஞ்ச நேரம் பேசாம பாத்துட்டு "அப்ப அவன் அனுப்புறதுதான்டா சரியில்ல"ன்னாரு. நாற்காலியை அவரே மூணு அடி பின்னாடி தள்ளி போட்டுக்கிட்டாரு. கண் டாக்டர்கிட்ட வாங்கின அப்பாயின்ட்மென்டை கேன்சல் பண்ணிட்டேன்.

புகார் எழுதலாம்னு இருக்கேன். என்னென்ன எழுதணும்?

பிட்ரேட் பாலு:
சேனல் நம்பர், தேதி, மணி, எந்த காட்சில கரையுதுன்னு எழுதுங்க, போன்ல எடுத்த வீடியோவும் அதே நேரம் யூடியூப் நல்லா தெரியுற வீடியோவும் வைங்க. புகார் நம்பர் கட்டாயம் வாங்கிக்கோங்க. மழுப்பினா அந்த நம்பரை வச்சு நோடல் ஆபீசருக்கு, அதாவது கம்பெனில தீராத புகாரை பாக்குற அதிகாரிக்கு எழுதுங்க, ஒவ்வொரு டிடிஎச் கம்பெனியும் அவர் விவரத்தை வெப்சைட்ல போட்டிருக்கணும்.